கிராம்பஸும் கூட்டாளிகளும்: ஆல்ப்ஸ் மலையின் பனிக்காலப் பூச்சாண்டிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் ஆஸ்திரியாவிலும், தெற்கு பவேரியாவிலும், இத்தாலிக்குள் இருக்கும் தெற்கு டிரோலிலும், ஸ்லோவேனியாவிலும் கொம்பும் மணியுமாகச் சில உருவங்கள் தெருவில் இறங்கும். காணொளிகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் நகரத்து ஊர்வலம். வழக்கத்தின் பழைய வடிவம் வீட்டுக்குள் நடப்பது. அதனால் சில பதில்கள் வீட்டுக்குள் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்துவிடும்.

கிராம்பஸ் என்பது யார்?

புனித நிக்கோலாஸின் கூட்டாளி. நிக்கோலாஸ் 4ஆம் நூற்றாண்டில் மீரா நகரின் ஆயராக இருந்தவர். அந்த ஊர் இன்றைய துருக்கியில் இருக்கிறது. அவருடைய திருநாள் டிசம்பர் 6. அதற்கு முந்தைய மாலை, அதாவது டிசம்பர் 5, கிராம்பஸின் இரவு. ஆயர் நல்ல பிள்ளைகளுக்கு ஆப்பிள், வால்நட், நிலக்கடலை, இனிப்பு ரொட்டி கொடுப்பார். அடம்பிடித்த பிள்ளைகளை மிரட்டுவது கிராம்பஸின் வேலை. கையில் பிர்ச் மரத்து விளார்க் கட்டு, இடுப்பில் மணி, சில ஊர்களில் முதுகில் பிள்ளையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போவதற்கென்று ஒரு கூடை. கொக்கி, நகம் என்று பொருள்படும் பழைய ஜெர்மன் சொல்லிலிருந்து பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம்.

இங்கே மறக்கக் கூடாத ஒன்று உண்டு: கிராம்பஸ் ஆயரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவன். அவர் கோலைத் தரையில் தட்டினால் நிற்க வேண்டும். நிக்கோலாஸ் இல்லாமல் கிராம்பஸ்கள் மட்டும் கூட்டமாகத் திரிவது பிற்காலத்தில் பெருகிய காட்சி. பிரச்சினைகளில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஊருக்கு ஊர் பெயர் மாறுமா?

நிறையவே மாறும். டிரோலில் டொய்ஃபல், கிழக்கு டிரோலில் கிளாவ்பாவ்ஃப், தெற்கு பவேரியாவின் பெர்க்டெஸ்காடன் பக்கம் கிராம்பை, ஸ்லோவேனியாவில் பார்க்கெல், ஹங்கேரியில் கிரம்புஸ். ஜெர்மனியின் மற்ற பகுதிகளில் வரும் க்னெஹ்ட் ரூப்ரெஹ்ட் இதே வேலையைச் செய்பவர்தான். ஆனால் அவருக்குக் கொம்பு கிடையாது, அங்கி போட்ட கிழவர்.

பெர்க்டன் என்றும் சொல்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. சுற்றுலா விளம்பரங்களே இதைக் குழப்பி வைத்திருக்கின்றன. கிராம்பஸ் நிக்கோலாஸ் நாளைச் சேர்ந்தவன். பெர்க்டன் கிறிஸ்துமஸுக்குப் பிறகு, ஜனவரி 6ஆம் தேதி மூன்றரசர் திருநாள் வரை நீளும் பன்னிரண்டு இரவுகளைச் சேர்ந்தவை. அந்த இரவுகளுக்கு ரவுநாஹ்ட் என்று பெயர். பெர்க்டா என்ற பெண் உருவத்தின் பெயரால் வந்தவை இவை. நூல் நூற்பதை முடிக்காத சோம்பேறிகளையும் வீட்டைப் பெருக்காதவர்களையும் தண்டிக்கிறவள் அவள். உழைத்தவர்களுக்குப் பரிசு கொடுக்கிறவளும் அவளே.

பெர்க்டனில் அசிங்கமானவை, அழகானவை என்று இரண்டு வகை. அசிங்கமானவை கொம்பும் மயிருமாக கிராம்பஸ் போலவே இருக்கும். அழகானவை தலையில் கண்ணாடி, பூ, நகை பதித்த பெரிய பலகையைச் சுமந்து நடக்கும். சால்ஸ்பர்க் மாநிலத்தின் பொங்காவ் பகுதியில் இந்தத் தலைச்சுமை 50 கிலோ வரை போகும். காஸ்டைன் பள்ளத்தாக்கின் பெர்க்டன் ஊர்வலம் நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான். 2011இல் யுனெஸ்கோவுக்கான ஆஸ்திரிய மரபுப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. பயணத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் ஆண்டைச் சரிபார்க்காமல் விமானச்சீட்டு வாங்க வேண்டாம்.

அடையாளம் காண ஒரு சுருக்குவழி: கூட நிக்கோலாஸ் இருந்தால் கிராம்பஸ், நாள்காட்டி டிசம்பர் 25ஐத் தாண்டியிருந்தால் பெர்க்டன். நவம்பர் மாதத்திலேயே "பெர்க்டன் ஓட்டம்" என்று சுவரொட்டி பார்த்தால், அது நுழைவுச்சீட்டு விற்கும் நிகழ்ச்சி என்று புரிந்துகொள்ளலாம்.

இது கிறிஸ்தவத்துக்கு முந்தைய வழிபாட்டின் மிச்சமா?

அப்படிச் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. சான்று மெலிந்தது. பெர்க்டாவுக்கு இரவில் உணவு வைக்கும் பழக்கத்தை 15ஆம் நூற்றாண்டின் தேவாலய எழுத்துகள் கண்டிக்கின்றன. அந்தப் பெயர் பழையதுதான். ஆனால் முகமூடி போட்டு ஓடும் கூட்டங்களைப் பற்றிய பதிவுகள் 16ஆம் நூற்றாண்டிலிருந்துதான் தெளிவாகக் கிடைக்கின்றன. கொம்பு, சங்கிலி, நீண்ட நாக்கு எல்லாம் தேவாலய நாடகங்களில் வந்த சாத்தானின் கோலத்தோடு அப்படியே பொருந்துகின்றன. "ஆதி ஜெர்மானிய சடங்கு" என்ற கதைக்கு வலுவூட்டியவர்கள் 19ஆம் நூற்றாண்டின் நாட்டார் ஆய்வாளர்கள். யாக்கோப் கிரிம் 1835இல் வெளியிட்ட ஜெர்மானியத் தொன்மவியல் நூல் பெர்க்டாவைப் பழைய தெய்வமாகவே வாசித்தது. ஊர்க்காரர்களுக்கும் அந்த விளக்கம் பிடித்துப்போனதால் இன்று பல குழுக்கள் தங்கள் துண்டறிக்கைகளில் அதையே அச்சிடுகின்றன.

வீட்டு வருகை எப்படி நடக்கும்?

காஸ்டைன் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு குழுவுக்கு "பாஸ்" என்று பெயர். அதில் நிக்கோலாஸ் ஒருவர், பரிசுக் கூடை சுமப்பவர் ஒருவர், பல குழுக்களில் ஒரு தேவதை, பிறகு நான்கோ அதற்கு மேலோ கிராம்பஸ்கள். டிசம்பர் 5, 6 இரண்டு மாலைகளும் வீடு வீடாகப் போவார்கள்.

வேலை பல நாள் முன்பே தொடங்கிவிடும். பெற்றோர் பிள்ளையின் பெயர், வயது, இரண்டு பாராட்டு, ஒரு குறை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்கள். நிக்கோலாஸ் அதைத் தன் பெரிய புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார். பரிசுப் பையைப் பிள்ளைக்குத் தெரியாமல் வாசலுக்கு வெளியே, பெயர் எழுதி, வைத்துவிட வேண்டும். பெயர் எழுதாத பைதான் அன்றைய மாலையின் பெரிய தலைவலி: ஒரே இரவில் பத்துப் பதினைந்து வீடு ஏறும் குழுவிடம் இரண்டு வீட்டுப் பைகள் மாறிப்போவது சகஜம்.

முதலில் மணிச்சத்தம் தூரத்தில் கேட்கும். நிக்கோலாஸ் மட்டும் உள்ளே வருவார், கிராம்பஸ்கள் வாசலில் நிற்பார்கள். அவர் வாசிப்பார், பிள்ளை ஒரு செபமோ பாட்டோ சொல்லும், பை கைமாறும். அதன் பிறகுதான், வீட்டார் சம்மதித்தால், கிராம்பஸ்கள் உள்ளே விடப்படுவார்கள். சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு வீட்டிலுள்ள இளைஞர்களோடு மல்லுக்கட்டுவார்கள். மொத்தமும் பத்து நிமிடம், கால் மணி நேரம்.

வழியில் இரண்டு பாஸ்கள் எதிர்ப்பட்டால் காஸ்டைனில் தோளோடு தோள் மோதிக்கொள்வது முறை. இரண்டு நிக்கோலாஸ்களும் முதலில் கைகுலுக்குவார்கள். பிறகு கிராம்பஸ்கள் ஒருவருக்கு ஒருவர் எதிரே நின்று தோளால் இடிப்பார்கள். பார்க்கச் சண்டை போலிருக்கும், உண்மையில் வணக்கம்.

குழந்தை மிரண்டு அழுதால்?

நல்ல நிக்கோலாஸ் அந்த நொடியே கிராம்பஸை வெளியே அனுப்பிவிடுவார். நான்கு வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் வீட்டில் கிராம்பஸ் வாசற்படியைத் தாண்டாமல் இருப்பதே நல்லது, மணிச்சத்தமே போதும். பெற்றோர் செய்யும் தவறு, குறைகளை நீளமாக எழுதுவது. படுக்கையை நனைப்பது, திக்கிப் பேசுவது போன்று பிள்ளையின் கையில் இல்லாதவற்றை எழுதவே கூடாது. பல குழுக்கள் அப்படிப்பட்ட வரிகளை வாசிக்காமல் தாண்டிவிடுகின்றன. பயமுறுத்தல் பற்றிய சர்ச்சை புதிதுமல்ல: 1950களிலேயே வியன்னாவில் கிராம்பஸுக்கு எதிராகப் பெற்றோருக்குத் துண்டறிக்கை கொடுத்திருக்கிறார்கள்.

முகமூடி எதில் செய்கிறார்கள்?

நல்லவை மரத்தில். லிண்டன் மரம் மென்மையானது, எல்லாத் திசையிலும் சீராக உளி ஏறும். ஆல்ப்ஸின் உயரத்தில் வளரும் ஸிர்பெ எனும் பைன் மரம் இலேசானது, வாசனையுள்ளது, ஆனால் கணுக்கள் அதிகம். மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரக்கட்டையில் செதுக்கினால் முதல் குளிர்காலத்திலேயே, சூடான அறைக்கும் உறைபனிக்கும் மாறி மாறிப் போகும்போது, நெற்றியிலிருந்து மூக்கு வரை வெடிக்கும்.

வெளிமுகத்தைச் செதுக்கி முடித்த பிறகே உள்ளே குடைவார்கள். சுவர் கனம் ஏறக்குறைய 1 செ.மீ.க்கு வரும்வரை குடைய வேண்டும். கொம்பு உட்காரும் நெற்றிப் பகுதியில் மட்டும் கனத்தை விட்டுவைக்க வேண்டும். அங்கேயும் மெலிதாக்கிவிட்டால் கொம்பின் எடை திருகைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கொம்பு ஆட்டுக்கிடா, வெள்ளாடு, மலையாடு ஆகியவற்றினுடையது. உள்ளே இருக்கும் எலும்பை நீக்கிச் சுத்தம் செய்து, அதன் வாய்க்குள் மரக்கட்டை ஒன்றை இறுக்கி, முகமூடியின் உட்பக்கத்திலிருந்து நீளத் திருகாணி போடுவார்கள். எலும்பைச் சரியாக நீக்காத கொம்பு, சூடான அறையில் ஒரு மணி நேரத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த நாற்றத்துக்கு ஈடு வேறு எதுவும் இல்லை.

உட்புறம் நுரைப்பஞ்சும், தலைக்கவசத்தில் இருப்பது போன்ற வாரும் பொருத்துவார்கள். முழு முகமூடி 3 கிலோவிலிருந்து 8, 10 கிலோ வரை வரும். அலுமினியத்தில் வார்த்தவை, ரப்பர்ப்பாலில் செய்தவை எல்லாம் விலை குறைவு. ரப்பர் முகம் வாயசைவுக்கு ஏற்ப ஆடும் என்பது அதன் கவர்ச்சி, உள்ளே வியர்வை குளமாவது அதன் தண்டனை. மரத்தில் கையால் செதுக்கியதற்குச் சில நூறு யூரோவிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் ஆகும்.

உடையும் மணியும்?

வெள்ளாட்டுத் தோலோ செம்மறித் தோலோதான். ஒரு முழு உடைக்குப் பல தோல்கள் வேண்டும். நீள மயிர் வெள்ளாடு ஓடும்போது அழகாக அசையும். செம்மறி கனம், ஈரம் பிடித்தால் இன்னும் கனம். இடுப்பில் அகலமான தோல் வார், அதில் வாய் திறந்த மாட்டுமணிகளோ உருண்டைச் சலங்கைகளோ. மணி பின்னிடுப்பில் இறுக்கமாக உட்கார வேண்டும். தளர்வாகக் கட்டினால் ஒவ்வொரு குதிப்பிலும் இடுப்பெலும்பில் அடித்து, மறுநாள் நீலம் பாய்ந்திருக்கும். முகமூடி, தோல், மணி எல்லாம் சேர்த்து 20 கிலோவைத் தொடுவது சாதாரணம். உள்ளே பருத்தி உடை போடுகிறவர்கள் வியர்வையில் நனைந்து, நிற்கும்போது குளிரில் நடுங்குவார்கள். கம்பளி அல்லது விளையாட்டு வீரர்களின் உள்ளாடை சரி.

பெர்க்டெஸ்காடனின் புட்டன்மாண்டல் என்ற உருவத்துக்குத் தோல் இல்லை, வைக்கோல்தான். தலையிலிருந்து கால்வரை நீள வைக்கோலைக் கட்டுக் கட்டாக வைத்துக் கயிற்றால் வரிவார்கள். அறுவடை இயந்திரத்தில் போன வைக்கோல் முறிந்துவிடும், பயன்படாது. கையால் அறுத்து, தடியால் போரடித்த நீளத் தாள்தான் வேண்டும். அதற்கென்றே பயிரிடுகிறார்கள். கட்டி முடிக்கப் பல மணி நேரம் ஆகும். கட்டிய பிறகு உட்கார முடியாது. கிளம்புவதற்கு முன் எல்லாரும் நின்று செபம் சொல்வார்கள், நிக்கோலாஸ் தீர்த்தம் தெளிப்பார். "பேய் விழா" என்று எழுதுகிறவர்கள் இந்தக் காட்சியைப் படம் பிடிப்பதில்லை.

ஊர்வலம் பார்க்கப் போகிறேன். அடி விழுமா?

முன்வரிசையில் நின்றால் விழலாம். முறை என்னவென்றால் முழங்காலுக்குக் கீழே, ஆடுசதையில் மட்டும். தடித்த கால்சட்டையும் உயரமான காலணியும் போட்டுக்கொள்ளுங்கள். அடி வேண்டாமென்றால் தடுப்புக் கம்பியிலிருந்து இரண்டு வரிசை பின்னால் நில்லுங்கள். திரும்பி ஓடினால் துரத்துவார்கள், அசையாமல் நின்றால் பெரும்பாலும் போய்விடுவார்கள்.

கொம்பை மட்டும் பிடித்து இழுக்காதீர்கள். முகமூடி தலையோடு வாரால் கட்டப்பட்டிருக்கிறது. கொம்பு நெம்புகோல் போலச் செயல்பட்டு உள்ளே இருப்பவரின் கழுத்தைத் திருகிவிடும். ஊர்வலங்களில் நடக்கும் சண்டைகளில் பல இப்படித்தான் தொடங்குகின்றன, கூடவே குடி இருந்தால் கேட்கவே வேண்டாம். கண்ணுக்கு நேரே ஒளிவிளக்கு அடித்துப் படம் எடுப்பதும் வேண்டாம். இரண்டு சின்னத் துளை வழியாகப் பார்க்கிறவருக்கு ஏற்கெனவே தரை தெரியாது. தீப்பந்தம், வண்ணப்புகை இருக்கும் இடத்தில் ஆட்டு மயிர் எளிதில் பற்றும் என்பதால் அந்த ஓரத்தில் நெருங்காதீர்கள். குழந்தைகளுக்குக் காதடைப்பு கொண்டுபோங்கள்.

பல ஊர்களில் ஒவ்வொரு கிராம்பஸுக்கும் எண் உண்டு, உடையிலோ கையிலோ கட்டியிருப்பார்கள். யாராவது எல்லை மீறினால் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு ஒழுங்குபடுத்தும் தொண்டரிடம் சொல்லுங்கள். முகம் மூடியவரை அடையாளம் காட்ட வேறு வழி இல்லை.

ஆஸ்திரியாவில் முகத்தை மூடத் தடை இருக்கிறதே?

2017 அக்டோபர் 1 முதல் இருக்கிறது. கலை, பண்பாடு, மரபு நிகழ்ச்சிகளுக்கு அந்தச் சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. நிகழ்ச்சிக்கு வெளியே முகமூடியோடு சுற்றித் திரிந்தால் அந்த விலக்கைக் காட்டித் தப்புவது கடினம்.

மிகவும் முரட்டுத்தனமான வழக்கம் எது?

கிழக்கு டிரோலின் மாட்ரை ஊரில் நடப்பதைத்தான் பலரும் சொல்வார்கள். டிசம்பர் 4, 5, 6 மூன்று மாலைகளும் கிளாவ்பாவ்ஃப்கள் வருவார்கள். நிக்கோலாஸும் தேவதைகளும், ஒரு பிச்சைக்காரத் தம்பதியின் கோலமும் வந்து போன பிறகு, வீட்டு முன்னறையின் மேசையைக் கிளாவ்பாவ்ஃப்கள் வெளியே இழுக்கப் பார்ப்பார்கள். வீட்டு இளைஞர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். மேசை உடைவதும் உண்டு; அதனால் நல்ல மேசையை அன்றைக்கு மறைத்துவிட்டு, இதற்கென்று தடித்த ஒன்றைப் போடுவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இது விளையாட்டு. வெளியூர்க்காரர் தெருவில் தனியாக நின்றால் தூக்கிப் பனியில் போடப்படுவார் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

பயமுறுத்தாமல் பயமுறுத்தும் ஏதாவது உண்டா?

சால்ஸ்பர்க் மாநிலத்தில் ரவுரிஸ் பள்ளத்தாக்கின் அலகுப் பெர்க்டன். ஜனவரி 5 மாலை, ஒட்டுப்போட்ட பழைய பெண்கள் உடையில், துணியால் செய்த நீண்ட பறவை அலகோடு, மூன்று நான்கு பேராக வீட்டுக்குள் நுழைவார்கள். கையில் துடைப்பம், பெரிய கத்தரிக்கோல், முதுகில் கூடை. ஓட்டமும் கூச்சலும் இல்லை. "க்வா, க்வா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு அலமாரி மேலே, அடுப்புக்குப் பின்னால் என்று தூசி தேடுவார்கள். வீடு சுத்தமில்லையென்றால் வீட்டாரின் வயிற்றைக் கத்தரித்து அந்தக் குப்பையை உள்ளே கொட்டித் தைத்துவிடுவார்களாம். கொம்பு வைத்த இருபது பேரைவிட, பேசாமல் கத்தரிக்கோலைத் திறந்து மூடும் அந்த ஓர் உருவம்தான் எங்கள் கணக்கில் அதிகக் குலைநடுக்கம் தருவது.

அந்தப் பன்னிரண்டு இரவுகளில் துணி காயப்போடக் கூடாது என்கிறார்களே?

ஆவிகளின் வேட்டைக்கூட்டம் அப்போது வானில் போகும், கொடியில் தொங்கும் வெள்ளைத் துணியில் சிக்கிக்கொள்ளும், அந்தத் துணியே வீட்டில் ஒருவருக்குச் சவத்துணியாகும் என்பது நம்பிக்கை. அதே இரவுகளில் தூபம் போடுவதும் உண்டு. அடுப்புக் கனலை இரும்புச் சட்டியில் அள்ளி, அதன்மேல் தூபப் பிசினும், ஆகஸ்டு 15 மாதா விண்ணேற்புத் திருநாளில் மந்திரித்து உலர்த்திய மூலிகையும் தூவி, வீடு முழுக்கவும் தொழுவத்திலும் சுற்றிவருவார்கள். கொழுந்து விட்டு எரியும் விறகில் போட்டால் பிசின் கருகிக் காரல் அடிக்கும். சாம்பல் பூத்த கனல்தான் சரி. சில இடங்களில் ஜனவரி 5 இரவு பெர்க்டாவுக்கு ஒரு கிண்ணம் பால் மேசையில் வைப்பார்கள்.

சுவிட்சர்லாந்தில் கிராம்பஸ் உண்டா?

அங்கே நிக்கோலாஸோடு வருபவர் ஷ்முட்ஸ்லி. பழுப்பு அங்கி, கரி பூசிய முகம், இப்போதெல்லாம் சாதுவானவர். அப்பென்செல் பகுதியின் ஊர்நேஷில் புத்தாண்டுக் கிளாவுஸ்கள் என்ற வேடக்காரர்கள் டிசம்பர் 31இலும், பழைய ஜூலியன் நாள்காட்டிப்படி ஜனவரி 13இலும் வருவார்கள். அசிங்க வகையினர் வைக்கோலும் மரக்கிளையும் அணிந்திருந்தாலும் வாசலில் நின்று பாடுவது இனிய மலைப்பாட்டு. லோட்ஷென்டாலின் ச்செக்கெட்டா உருவங்கள் பிப்ரவரி 2இலிருந்து சாம்பல் புதனுக்கு முந்தைய நாள்வரை. அது தவக்காலத்துக்கு முந்தைய களியாட்டம், நிக்கோலாஸோடு தொடர்பில்லை.

"கிராம்பஸின் வாழ்த்து" என்ற பழைய அட்டைகள் எப்போதையவை?

உலகின் முதல் அஞ்சலட்டையை ஆஸ்திரிய-ஹங்கேரி 1869 அக்டோபர் 1இல் வெளியிட்டது. படம் அச்சிட்ட அட்டைகள் 1890களில் பெருகியபோது கிராம்பஸும் அதில் ஏறிக்கொண்டான். சிவப்புப் பின்னணி, நீட்டிய நாக்கு, ஒரு கால் மனிதப் பாதம், மறு கால் குளம்பு. பெரியவர்களுக்கான அட்டைகளில் அவன் பெண்களைத் துரத்தும் கேலிக்காரனாகவும் வருவான்.

வீட்டில் மாவுக் கிராம்பஸ் செய்வது எப்படி?

மைதா 500 கிராம், வெதுவெதுப்பான பால் 250 மி.லி., வெண்ணெய் 80 கிராம், சர்க்கரை 70 கிராம், முட்டை 1, உலர் ஈஸ்ட் 7 கிராம், உப்பு 1 தேக்கரண்டி. பத்து நிமிடம் பிசைந்து, இரண்டு மடங்காகும்வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் மூடிவையுங்கள். 160 கிராம் அளவில் ஆறு உருண்டை வரும். ஒவ்வொன்றையும் 18 செ.மீ. நீளத்துக்கு உருட்டி, கழுத்தை விரலால் அழுத்திச் சுருக்கி, தலைமேல் ஒரு வெட்டுப் போட்டுக் கொம்பு, கீழே ஒரு வெட்டுப் போட்டுக் கால், பக்கங்களில் கை. 20 நிமிடம் விட்டு, முட்டை பூசி, 180 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம்.

வெட்டு ஆழமில்லையென்றால் மாவு உப்பி மூடிக்கொள்ளும், கிராம்பஸ் தலையணையாகிவிடும். உலர்திராட்சைக் கண்ணை அடிவரை அழுத்துங்கள், மேலாக வைத்தால் அடுப்பில் கழன்று விழும். கொம்பை மெலிதாக இழுத்தால் உடம்பு வேகும்முன் கருகும். கையில் வைக்கும் குச்சி விளாரை வெந்த பிறகு செருகினால் போதும். அடுப்பே இல்லாதவர்கள் ஆஸ்திரியச் சந்தைகளில் விற்கும் இன்னொரு வகையைச் செய்யலாம்: உலர் பிளம் பழங்களைக் கம்பியில் கோத்து உடம்பும் கைகாலும், வால்நட் ஒன்று தலை.

முகமூடி வாங்கிவிட்டேன். எப்படிப் பாதுகாப்பது?

ஓட்டம் முடிந்த இரவே உட்பஞ்சைக் கழற்றி உலரவிடுங்கள். நனைந்த தோலை ஹீட்டர் பக்கத்தில் தொங்கவிட்டால் பலகை போல விறைத்து, அடுத்த ஆண்டு தையலோரம் கிழியும்; காற்றோட்டமான, குளிர்ந்த இடத்தில் இரண்டு மூன்று நாள் மெதுவாகக் காய வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை, திறந்து வைத்தால் அந்துப்பூச்சி. பருத்தி உறையே நடுவழி. கோடையில் ஒருமுறை எடுத்து உதறிப் பாருங்கள். மரமுகத்தின் உட்புறம் மாவு போல மெல்லிய தூள் கொட்டியிருந்தால் மரப்புழு ஏறிவிட்டது. மற்ற முகமூடிகளிடமிருந்து அன்றைக்கே பிரித்து வையுங்கள்.